கையெழுத்து 10.30 மணிக்கு, வேலை எத்தனை மணிக்கு?

(அவலூர்பேட்டையில் நடந்த ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்தில் பேசியது. அன்னைக்கு வர முடியாத நண்பர்கள் எழுத்தா போடச் சொல்லிக் கேட்டீங்க. பேசின மாதிரியே கொடுத்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க, சேவ் பண்ணி வச்சுக்கங்க.)





என்னை போஸ்டர் டிசைன் பத்தியும் ரீல்ஸ் பத்தியும் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. அதை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசலாம். இப்ப ஒரு இருபது நிமிஷம் வேற ஒரு விஷயம் பேச அனுமதி வாங்கியிருக்கேன். கோர்ட் போடுற கண்டிஷன் ஒரு மனுஷனோட வேலையை என்ன பண்ணும், அதுக்கு நாம என்ன பண்ணலாம், இதுதான் விஷயம்.

இதைப் பேச நான் வக்கீல் இல்லை. பி.இ. படிச்சவன். பேசறதுக்குக் காரணம் நான் பண்ணின ஒரு தப்பு. அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன். பேர் வேண்டாம். டிப்ளமோ முடிச்சவன், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியா இருந்தான். லீவுல ஊருக்கு வந்தப்ப குடிதண்ணி கேட்டு ஒரு மறியல். அவனும் உட்கார்ந்தான். மறியல்னா வழக்கமா சாயங்காலம் கல்யாண மண்டபத்துல இருந்து விட்டுடுவாங்க. அன்னைக்குத் தள்ளுமுள்ளு ஆகி, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாம தடுத்தாங்கன்னு ஒரு பிரிவு சேர்ந்துடுச்சு. அது ஜாமீன்ல விட முடியாத பிரிவு. பதினோரு நாள் உள்ள இருந்தான்.

வெளியில வந்த அன்னைக்கு நாம எல்லாரும் போனோம். மாலை போட்டோம். நான்தான் போட்டோ எடுத்தேன். "சிறை மீண்ட சிங்கமே"ன்னு ராத்திரியே டிசைன் பண்ணிப் போட்டேன். லைக் ஆயிரத்தைத் தாண்டுச்சு. எனக்கு அன்னைக்கு ரொம்பப் பெருமை.

நாலு மாசம் கழிச்சு அந்தப் பையன் என் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, ஒரு ரெஸ்யூமே டைப் பண்ணித் தாங்க"ன்னான். ஏன்டா, கம்பெனி என்னாச்சுன்னு கேட்டேன். ஜாமீன்ல வந்த ரெண்டாவது வாரமே நிறுத்திட்டாங்களாம். தினமும் காலையில 10.30 மணிக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. கையெழுத்து போட்டுட்டு பஸ் பிடிச்சா ஒரகடம் போய்ச் சேர மதியம் தாண்டிடும். முதல் ஷிஃப்டும் போச்சு, ரெண்டாவது ஷிஃப்ட் பார்த்தா மறுநாள் காலை கையெழுத்துக்குத் திரும்ப முடியாது. ரெண்டு வாரம் லீவு சொல்லிப் பார்த்திருக்கான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு நாள் லீவு கொடுப்பாங்க?

நான் கேட்டேன்: "இன்னுமா கையெழுத்து போடறே?"

"ஆமாண்ணா. மறு உத்தரவு வரும் வரைன்னு போட்டிருக்கு. இன்னும் வரலையே."

நண்பர்களே, அந்த வார்த்தையில என் தலை குனிஞ்சுது. மறு உத்தரவு தானா வராது. நாம போய்க் கேட்டாத்தான் வரும். அதை அவனுக்கு யாரும் சொல்லலை. வக்கீல் வேற கேஸ்ல பிஸி. நாம அடுத்த போஸ்டர்ல பிஸி. மழையிலும் வெயில்லயும் நாலு மாசம் அந்தப் பையன் கடிதம் வர்றதுக்குக் காத்திருக்கிற மாதிரி அந்த உத்தரவுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கான்.

அவங்க அம்மா என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "போட்டோ போட்டியே தம்பி, வேலைக்கு என்ன பண்ணுவான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிச்சதைத்தான் இப்ப உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும். நான் நீதிமன்றத்தைக் குறை சொல்ல வரலை. ஜாமீன்ல விடுறப்ப கண்டிஷன் போட சட்டத்துலயே இடம் இருக்கு. ஓடிப் போகக் கூடாது, சாட்சியை மிரட்டக் கூடாது, விசாரணைக்கு ஒத்துழைக்கணும், மறுபடி குற்றம் செய்யக் கூடாது. இதுக்காகத்தான் கண்டிஷன். சாட்சியோ பாதிக்கப்பட்டவங்களோ இருக்கிற ஊருக்குள்ள போகாதேன்னு கோர்ட் சொன்னா, அது அவங்க பாதுகாப்புக்கு. அதைத் தளர்த்தச் சொல்லி நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா கண்டிஷன்றது தண்டனை இல்லை. தீர்ப்பு இன்னும் வரலை. குற்றம் நிரூபணமாகலை. அப்படி இருக்கிறப்ப ஒருத்தர் சம்பளம் நின்னா, அது தீர்ப்புக்கு முன்னாடியே கிடைச்ச தண்டனை. நாளைக்கு விடுதலைன்னு தீர்ப்பு வந்தாலும் போன வேலை திரும்ப வராது.

கண்டிஷன் வேலையை மூணு வழியில அடிக்குது. நேரம், இடம், தொழில்.

நேரம்னா நம்ம பையன் கதைதான். தமிழ்நாட்டுல ஜாமீன் உத்தரவுகளைப் படிச்சுப் பாருங்க. "தினமும் காலை 10.30 மணிக்கு" அப்படின்ற வரி திரும்பத் திரும்ப வரும். 10.30ன்னா என்ன நேரம்? கட்டட வேலைக்குப் போறவருக்கு ஆள் எடுத்து முடிஞ்ச நேரம். ஆபீஸ் போறவருக்கு மீட்டிங் நேரம். மணிலா பறிக்கப் போற அக்காவுக்குப் பாதிக் கூலி போன நேரம். கையெழுத்து போட ஆகிறது ரெண்டு நிமிஷம்தான். போறது ஒரு நாள் கூலி.

அடுத்து இடம். சில உத்தரவுல வேற ஊர்ல தங்கி அங்க இருக்கிற ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்னு இருக்கும். நம்ம ஊர்ல பிறந்து வளர்ந்தவர் மதுரையிலயோ திருச்சியிலயோ ரூம் எடுத்துத் தங்கணும். வருமானம் நின்ன நேரத்துல வாடகைச் செலவு கூடும்.

இதுல பெரிய ஆட்களும் மாட்டியிருக்காங்க. சுதா பரத்வாஜ்னு ஒரு வழக்கறிஞர். சத்தீஸ்கர்ல பல வருஷம் தொழிலாளர்களுக்காக வழக்கு நடத்தினவங்க, டெல்லியில சட்டப் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்தவங்க. பீமா கோரேகான் வழக்குல மூணு வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 2021 டிசம்பர்ல ஜாமீன்ல வந்தாங்க. அவங்களுக்குப் போட்ட கண்டிஷன்ல ஒண்ணு, மும்பை நீதிமன்ற எல்லையைத் தாண்டக் கூடாது. அவங்க வீடு, வேலை, கட்சிக்காரங்க எல்லாம் வேற மாநிலத்துல. அறுபது வயசுல புது ஊர்ல, வீடு தேடறதுல இருந்து வருமானம் தேடறது வரைக்கும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அவங்க அரசியல் நமக்கு ஒத்து வருதா இல்லையா, அது வேற பேச்சு. ஒரு வக்கீலுக்கே இந்த நிலைமைன்னா ஒரகடத்துல ஹெல்பரா இருக்கிற பையன் என்ன பண்ணுவான்?

இடத்தோட சேர்ந்ததுதான் பாஸ்போர்ட். நம்ம பக்கத்துல சவுதி, துபாய், சிங்கப்பூர்னு போயிருக்கிற குடும்பம் நிறைய. பாஸ்போர்ட்டை கோர்ட்ல ஒப்படைன்னு கண்டிஷன் வந்தா வெளிநாட்டு வேலை அங்கேயே நின்னுடும். விசா தேதி போச்சுன்னா வேலையும் போச்சு. இதுக்கும் கேட்க வழி இருக்கு. 2020 அக்டோபர்ல பர்வேஸ் நூருதீன் லோகண்ட்வாலா வழக்குல உச்ச நீதிமன்றம் ஒருத்தரை அமெரிக்கா போயிட்டு வர அனுமதிச்சது. அவர் கிரீன் கார்டை உறுதிப்படுத்திக்க அங்க போயே ஆகணும்ன்ற நிலைமை. விசாரணைக்குத் தேவையான அளவுக்குத்தான் கண்டிஷன் இருக்கணும், தேவைக்கு மிஞ்சி ஒருத்தரோட உரிமையை முடக்கக் கூடாதுன்றது அந்தத் தீர்ப்போட சாரம். பாஸ்போர்ட் புதுப்பிக்கணும்னாலும், கோர்ட்ல குற்ற வழக்கு நிலுவையில இருந்தா சம்பந்தப்பட்ட கோர்ட்ல அனுமதி உத்தரவு வாங்கிப் போகலாம். 1993-லயே மத்திய அரசு அதுக்கு அறிவிக்கை போட்டிருக்கு. வழக்கு இருக்கு, இனி பாஸ்போர்ட்டே கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மூணாவது, தொழிலையே தொடுற கண்டிஷன். நம்ம மாதிரி ஆன்லைன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது ரொம்பக் கிட்டத்துல இருக்கு.

ரெட்பிக்ஸ் யூடியூப் சேனல் நடத்துற ஃபெலிக்ஸ் ஜெரால்டு 2024 மே மாசம் கைதானார். அவர் சேனல்ல வந்த ஒரு பேட்டியில பெண் காவலர்களை இழிவா பேசினாங்கன்றது வழக்கு. அந்தப் பேச்சை நான் நியாயப்படுத்தலை. பெண்களை இழிவா பேசறது எந்த மேடையிலயும் தப்பு. ஆனா வழக்கு நடந்து தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துதுன்னு பாருங்க. சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தப்ப அந்த சேனலையே மூடணும்னு ஒரு கண்டிஷன் சேர்த்துச்சு. ஒரு பேட்டிக்காக மொத்தச் சேனலும் போகணும். சேனல் போனா அதுல வேலை பார்க்கிற கேமராமேன், எடிட்டர் எல்லாருக்கும் என்ன வேலை? அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2024 செப்டம்பர்ல அந்த ஒரு கண்டிஷனுக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. ஜாமீன் அப்படியே இருந்துச்சு. வழக்கும் இருந்துச்சு. தொழிலை மூடச் சொன்ன வரி மட்டும் நின்னுச்சு.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2022 ஜூலை 20. ஆல்ட் நியூஸ் முகமது ஜுபைருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த நாள். இனி ட்வீட் போடக் கூடாதுன்னு கண்டிஷன் போடுங்கன்னு உத்தரப் பிரதேச அரசு கேட்டுச்சு. நீதிமன்றம் மறுத்துடுச்சு. பத்திரிகையாளரை எழுதாதேன்னு சொல்றது வக்கீலை வாதாடாதேன்னு சொல்ற மாதிரின்ற பொருள்ல நீதிபதிகள் கேட்டாங்க.

பதவியில இருக்கிறவங்களுக்கும் இதே கதைதான். டெல்லி முதலமைச்சரா இருந்த கெஜ்ரிவாலுக்கு 2024-ல ஜாமீன் கிடைச்சப்ப, முதலமைச்சர் அலுவலகத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் போகக் கூடாது, அவசியம் இருந்தா ஒழிய கோப்புல கையெழுத்து போடக் கூடாதுன்னு கண்டிஷன். செப்டம்பர் 13-ல ஜாமீன், செப்டம்பர் 17-ல ராஜினாமா. அது சரியா தப்பான்னு ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கருத்து இருக்கும். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: ஆள் வெளியில, வேலை உள்ள. ஒரு முதலமைச்சர் நாற்காலியையே கண்டிஷன் தொட முடியும்னா நம்ம பையனோட பன்ச்சிங் கார்டு எம்மாத்திரம்?

கட்சிக்காரங்க நமக்கு நேரா பொருந்துற ஒரு தீர்ப்பும் இருக்கு. ஒடிசாவுல பெர்ஹாம்பூர் மேயரா இருந்த சிபா சங்கர் தாஸ்னு ஒரு அரசியல்வாதி. நேரடியாவோ மறைமுகமாவோ எந்த அரசியல் நடவடிக்கையிலயும் ஈடுபடக் கூடாதுன்னு அங்க உயர் நீதிமன்றம் ஜாமீன் கண்டிஷன் போட்டுச்சு. 2024 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அது அடிப்படை உரிமைக்கு எதிரானதுன்னு சொல்லி நீக்கிடுச்சு. ஜாமீன்ல இருக்கோம்ன்றதுக்காகக் கட்சி வேலையே செய்யக் கூடாதுன்னு பயப்படுறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க.

டெக்னிக்கல் ஆட்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஜாமீன்ல இருக்கிறவர் கூகுள் மேப்ல லொக்கேஷன் பின் போட்டு விசாரணை அதிகாரிக்குத் தெரியிற மாதிரி வைக்கணும்னு டெல்லியில ஒரு கண்டிஷன் வந்துச்சு. பிராங்க் வைட்டஸ் வழக்கு. உச்ச நீதிமன்றம் கூகுள் கம்பெனிகிட்டயே விளக்கம் கேட்டுச்சு. அந்தப் பின்னால ஒருத்தரைத் தொடர்ந்து பின்தொடர முடியாதுன்னு தெரிஞ்சுது. அதோட நீதிமன்றம் நிக்கலை. ஜாமீன்ல இருக்கிறவரோட ஒவ்வொரு அசைவையும் போலீஸ் கண்காணிக்கிற மாதிரி எந்தக் கண்டிஷனும் போடக் கூடாது, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானதுன்னு 2024 ஜூலை 8-ம் தேதி தீர்ப்பு சொல்லிடுச்சு.

இன்னும் ஒண்ணு பாக்கி. ஜாமீன் கிடைச்சும் வெளியில வர முடியாத ஏழையோட கதை. 1978. மத்தியப் பிரதேசத்துல மோதி ராம்னு ஒரு கொத்தனார். ஜாமீன் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். அந்தக் காலத்து பத்தாயிரம்! அண்ணன் தம்பி சொத்தைக் காட்டினா, அது வேற மாவட்டத்துல இருக்குன்னு மறுத்துட்டாங்க. மறுபடி உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கடுமையா கண்டிச்சு, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில விடச் சொன்னார். ஒரு தமிழர் வடக்க எங்கேயோ மாட்டினா அங்க உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்க போவார்ன்ற பொருள்ல அந்தத் தீர்ப்புல கேட்டிருக்கார். அந்தக் கேள்வி இன்னைக்குத் திருப்பூர்லயும் ஒரகடத்துலயும் வேலை பார்க்கிற பீகார், ஒடிசா தம்பிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

2023 ஜனவரி 31-ல உச்ச நீதிமன்றம் இதுக்கெல்லாம் நெறிமுறை கொடுத்துச்சு. ஜாமீன் உத்தரவை அன்னைக்கோ மறுநாளோ சிறை அதிகாரிக்கு மெயில்ல அனுப்பணும். ஏழு நாள்ல ஆள் வெளியில வரலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு செயலாளருக்குத் தகவல் போகணும். ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியலைன்னா, கண்டிஷனைத் தளர்த்தலாமான்னு கோர்ட்டே தானா பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேணும்ன்ற பிடிவாதம் தாமதத்துக்கு ஒரு காரணம்னும் அதுல சொல்லியிருக்கு.

இவ்வளவும் சொன்னது உங்களை வக்கீலாக்க இல்லை. கண்டிஷன் கல்லுல செதுக்கினது இல்லைன்னு காட்டத்தான். கேட்டவங்களுக்கு மாத்திக் கொடுத்திருக்காங்க. கேட்காதவங்களுக்கு அது அப்படியே நிக்குது.

சரி, நடைமுறையில என்ன செய்யணும்? குறிச்சுக்கங்க.

ஒன்று. ஜாமீன் மனு போடறப்பவே வேலை விவரத்தை வக்கீல்கிட்ட கொடுங்க. கம்பெனி அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஷிஃப்ட் நேரம், வேலை பார்க்கிற ஊர். நீதிபதிக்கு உங்க ஷிஃப்ட் தெரியாது. சொன்னாத்தான் தெரியும். வேலை பார்க்கிற ஊர் ஸ்டேஷன்ல கையெழுத்து, வாரத்துக்கு ஒரு நாள், சாயங்கால நேரம்னு ஆரம்பத்துலயே கேட்கலாம்.

இரண்டு. உத்தரவு நகலை வாங்கிப் படிங்க. எத்தனை மணி, எந்த ஸ்டேஷன், எத்தனை வாரம், பாஸ்போர்ட் உண்டா, மாவட்டத்தை விட்டு வெளியே போகலாமா. யாரோ வாயால சொன்னதை நம்பி நடக்காதீங்க. ஆங்கிலம் புரியலைன்னா நம்ம விங்ல ஒரு ஆளுக்கு அனுப்புங்க, வரிக்கு வரி தமிழ்ல சொல்வோம்.

மூன்று. "மறு உத்தரவு வரும் வரை"ன்னு இருந்தா, அன்னைக்கே போன்ல ஒரு ரிமைண்டர் வைங்க. ஒழுங்கா கொஞ்ச நாள் கையெழுத்து போட்ட பிறகு கண்டிஷன் தளர்வு மனு போடணும். ஜாமீன் கொடுத்த கோர்ட்லயே போடலாம். மாஜிஸ்திரேட் போட்ட கண்டிஷனை மாத்தவும் நீக்கவும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இருக்கு. புது சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 483-வது பிரிவு.

நான்கு. உத்தரவு மாறுற வரைக்கும் ஒரு நாள் கூட விடாதீங்க. வேலை இருக்கு, மழை பெய்யுதுன்னு நிறுத்தினா ஜாமீனையே ரத்து பண்ணச் சொல்லிக் கேட்பாங்க. உடம்பு முடியலைன்னா டாக்டர் சீட்டு வாங்கி வக்கீல்கிட்ட அன்னைக்கே கொடுங்க. ஒரு நோட்டுல தேதி, நேரம் எழுதி வைங்க. தளர்வு மனு வர்றப்ப முதல் கேள்வியே, ஒழுங்கா கையெழுத்து போட்டாரான்றதுதான்.

ஐந்து. வழக்கு வாய்தாவுக்கு ஒவ்வொரு தரமும் நேர்ல போக முடியலைன்னா, அன்னைக்கு மட்டும் ஆஜராகறதுல இருந்து விலக்கு கேட்க வழி இருக்கு. அதே சட்டத்துல 355-வது பிரிவு. ஆனா வக்கீல் மனு போட்டாரான்னு முதல் நாளே உறுதி பண்ணிக்கங்க. இல்லைன்னா வாரண்ட் வரும்.

ஆறு. வேலைக்கு விண்ணப்பம் போடறப்ப வழக்கு இருக்கான்னு கேட்டிருந்தா மறைக்காதீங்க. 2016-ல அவதார் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. சின்ன வழக்கா இருந்து உண்மையைச் சொன்னா, அதை எடைபோட்டுப் பார்த்து வேலை கொடுக்க இடம் இருக்கு. மறைச்சது தெரிஞ்சா அந்த மறைச்சதே வேலை போறதுக்குக் காரணம் ஆகலாம். அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: 48 மணி நேரத்துக்கு மேல காவல்ல இருந்தா சஸ்பெண்ட் ஆனதாவே விதி கணக்கு வச்சுக்கும். அதனால கைது ஆன அன்னைக்கே ஜாமீன் வேலை ஆரம்பிக்கணும்.

ஏழு. வக்கீலுக்குக் காசு இல்லைன்னா இலவச சட்ட உதவி உண்டு. காவல்ல இருக்கிறவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வருமானம் குறைஞ்சவங்க எல்லாருக்கும் சட்டத்துலயே அந்த உரிமை இருக்கு. 15100-ன்ற எண்ணுக்கு போன் பண்ணலாம். இது கட்சி கொடுக்கிற சலுகை இல்லை, உங்க உரிமை.

இப்ப நம்ம வேலைக்கு வர்றேன். இதைச் சொல்றப்ப சிலருக்குக் கோபம் வரலாம். பரவாயில்லை.

ஒரு தம்பி கைதானா நாம என்ன பண்றோம்? கண்டன போஸ்டர், ஹேஷ்டேக், ஸ்டேஷன் முன்னாடி கூட்டம். ஜாமீன் வந்தா மாலை, பட்டாசு, ரீல்ஸ். அதுக்கு அப்புறம்? மறுநாள் காலை 10.30-க்கு அவன் தனியாத்தான் போறான். முப்பதாவது நாளும் தனியாத்தான் போறான். சிங்கம்னு பேர் வச்ச நாம யாரும் அவனைச் சாப்பிட்டியான்னு கேட்கலை. நான் கேட்கலை. அந்தப் போட்டோவை இன்னைக்கும் கூகுள்ல தேடினா அவன் பேரோட வரும். புது கம்பெனி ஹெச்.ஆர். தேடினாலும் அதுதான் வரும். அதைப் போட்டவன் நான். அவன்கிட்ட கேட்காமலே போட்டேன். போன மாசம்தான் எடுத்தேன்.

அதனால மூணு கோரிக்கை.

முதலாவது, ஒவ்வொரு ஒன்றியத்துலயும் ஒரு ஷீட். யார் ஜாமீன்ல இருக்காங்க, என்ன கண்டிஷன், என்னைக்குத் தளர்வு மனு போடணும். ஆயிரம் பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பத் தெரிஞ்ச நமக்கு இருபது வரி ஷீட் பெரிய விஷயமா? இந்த ஷீட் பொறுப்பாளர்கிட்ட மட்டும் இருக்கணும். குரூப்ல போடவே கூடாது.

ரெண்டாவது, வழக்கறிஞர் அணி அண்ணன்களே, உங்களைக் குறை சொல்லலை. நீங்க காசு வாங்காம அலையிறது எங்களுக்குத் தெரியும். ஜாமீன் மனுவோடவே வேலை விவரம் ஒரு பக்கம் சேர்த்துடுங்க. அந்த விவரத்தை சேகரிச்சுத் தர்ற வேலை எங்களோடது.

மூணாவது, யார் போட்டோவையும் அவங்க சம்மதம் இல்லாம போடாதீங்க. கைது ஆனவர் நாளைக்கு வேலை தேடப் போற ஒருத்தர்னு நினைச்சுக்கிட்டு போஸ்ட் பண்ணுங்க. முகம் இல்லாமலும் கண்டனம் தெரிவிக்கலாம்.

நம்ம கட்சிக்காரருக்கு மட்டும்னு வச்சுக்காதீங்க. அடுத்த கட்சிப் பையனோ, எந்தக் கட்சியும் இல்லாத கொத்தனாரோ வந்து கேட்டாலும் அதே ரிமைண்டர், அதே மனு.

கடைசியா அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்பீங்க. நான் டைப் பண்ணேன், நம்ம அண்ணன் ஒருத்தர் மனு போட்டார். பெரிய வாதம் எல்லாம் இல்லை. ரெண்டு பக்க மனு. நாலு மாசம் ஒரு நாள் கூட விடாம கையெழுத்து போட்டிருக்கார்னு பதில் வந்துச்சு. வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டா போதும்னு உத்தரவு ஆச்சு. அவ்வளவுதான். இது முதல் மாசமே நடந்திருக்கலாம்.

பழைய கம்பெனி திரும்ப எடுக்கலை. இப்ப ஒரு லோடு ஆட்டோ ஓட்டறான். முன்னாடி வாங்கினதை விடக் கம்மிதான். வழக்கு இன்னும் நடக்குது. இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டேன். "சவாரி இருக்குண்ணா, நீங்க பேசுங்க"ன்னான்.

அவங்க அம்மா கேட்ட கேள்விக்கு என்கிட்ட இன்னும் முழுப் பதில் இல்லை. ஆனா அடுத்த பையனோட அம்மா அதே கேள்வியைக் கேட்கிறப்ப, "மனு போட்டாச்சும்மா, இந்த வாரம் வருது"ன்னு சொல்ற நிலைமையில நாம இருக்கணும்.



(உங்க தெருவுல யாராவது தினமும் கையெழுத்து போட்டுக்கிட்டு இருந்தா இந்தப் பதிவை அவங்ககிட்ட படிச்சுக் காட்டுங்க. ஃபார்வர்டு பண்றதோட நிறுத்தாம, "தளர்வு மனு போட்டாச்சா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. வழக்கு விவரத்தையும் பேரையும் கமெண்ட்ல போட வேண்டாம், இன்பாக்ஸ்ல மட்டும் அனுப்புங்க.)

#கண்டிஷன்_பெயில் #மறு_உத்தரவு #வேலையும்_உரிமையே